செரங்கெட்டி: ஐந்து நாளில் நான்கு பூங்காவா, ஒரே இடமா? (பிப்ரவரி, அம்மாவோடு)

மதகடி · நவம்பர் 12

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி நடுவில் தான்சானியா போகலாம் என்று இருக்கிறேன், நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு 63 வயது, முட்டி வலி உண்டு, சுத்த சைவம். ஆனால் டிவியில் சிங்கம் வந்துவிட்டால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்து போகமாட்டார். அப்பா போன பிறகு எங்கே கூப்பிட்டாலும் வரவில்லை, இதற்கு மட்டும் "போகலாமே" என்றார், அதனால் சொதப்பாமல் செய்ய வேண்டும்.

ஏஜென்ட் கொடுத்த திட்டம் இதுதான்: அருஷாவில் இறங்கி முதல் நாள் தரங்கிரே, இரண்டாம் நாள் மன்யாரா ஏரி, மூன்றாம் நாள் செரங்கெட்டி, நான்காம் நாள் அங்கிருந்து கிளம்பி ங்கோரோங்கோரோ, ஐந்தாம் நாள் அங்கிருக்கும் பழைய எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கிப் பார்த்துவிட்டு அருஷா. இன்னொரு ஏஜென்ட், பிப்ரவரியே வேண்டாம், மிருகங்கள் ஆற்றைக் கடக்கும் காட்சி இல்லாமல் செரங்கெட்டி போவது தாலி கட்டி முடித்த பிறகு கல்யாணத்துக்குப் போவது மாதிரி, ஆகஸ்ட்டுக்குத் தள்ளுங்கள் என்கிறார். எனக்கு ஆகஸ்ட்டில் லீவு கிடைக்காது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஏதோ இடிக்கிறது, ஆனால் எங்கே இடிக்கிறது என்று தெரியவில்லை.

வெள்ளாறு · நவம்பர் 12

தம்பி, அந்த முதல் திட்டத்தைக் கிழித்துப் போடு. அருஷாவிலிருந்து செரங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனெராவுக்கு ஏறக்குறைய 320 கிலோமீட்டர், அதில் பாதி தூரம் புழுதி ரோடு, ஒரு பகல் முழுக்கப் போய்விடும். உன் திட்டத்தில் மூன்றாம் நாள் சாயங்காலம் உள்ளே போகிறாய், நான்காம் நாள் மத்தியானம் வெளியே வருகிறாய். 14,763 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு ஒரு சாயங்காலமும் ஒரு காலையும். மீதி நேரமெல்லாம் முன் சீட்டின் முதுகைத்தான் அம்மா பார்த்துக்கொண்டு வருவார்.

இரண்டாவது ஏஜென்ட் சொன்னதில் அறியாமையும் இருக்கிறது, கொஞ்சம் வியாபாரமும் இருக்கிறது. அங்கே 13 லட்சம் வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கும் பெரிய மான்), அதோடு இரண்டு லட்சம் போல வரிக்குதிரை, எல்லாம் வருஷம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, அதற்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றுப் பக்கம். நவம்பர் மழை விழுந்ததும் தெற்கே திரும்புகின்றன. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கே ந்டூட்டு என்ற பகுதியைச் சுற்றியுள்ள கட்டாந்தரைப் புல்வெளியில் கன்று போடும். அந்தப் பருவத்தில் பிறக்கும் கன்றுகள் ஏறக்குறைய ஐந்து லட்சம் என்கிறார்கள், அதில் பெரும்பகுதி இரண்டு மூன்று வாரத்துக்குள் பிறந்துவிடும். அத்தனையும் ஒரே சமயத்தில் பிறந்தால் சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்ன முடியும், அதுதான் கணக்கு. நீ போகிற பிப்ரவரி நடுவில் நடப்பது இதுதான்.

ஏன் அந்த இடத்துக்கே வந்து கன்று போட வேண்டும் என்று எனக்கு முதல் தடவை புரியவில்லை. பக்கத்தில் ஓல் டொய்ன்யோ லெங்காய் என்று ஒரு எரிமலை இருக்கிறது, இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை, 2007-08இல்கூடச் சாம்பலைக் கக்கியது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத மாதிரி அதன் குழம்பு கறுப்பாக, தண்ணியாக வந்து, ஈரம் பட்டதும் வெளுத்துப் போகும். இதுவும் பக்கத்து எரிமலைகளும் ஆயிரக்கணக்கான வருஷம் கொட்டிய சாம்பல்தான் அந்தத் தரை. அதில் முளைக்கும் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் நிறைய, பால் கொடுக்கும் தாய்க்கு அதுதானே வேண்டும். ஆனால் மழை நின்றால் அங்கே குடிக்கத் தண்ணீர் இல்லை, மிச்சம் இருக்கும் தண்ணீரும் உப்பும் உவருமாகிவிடும். அதனால்தான் கிளம்பி வடக்கே போகின்றன. நாம் பயணம் பயணம் என்று கொண்டாடுகிறோம், அவற்றுக்கு அது தண்ணீர்ப் பிரச்சினை.

என் யோசனை: முதல் நாள் ங்கோரோங்கோரோவுக்கு முன்னால் வரும் கரட்டு என்ற ஊர் வரை மட்டும் போய்த் தூங்குங்கள். அடுத்து இரண்டு ராத்திரி ந்டூட்டு, இரண்டு ராத்திரி செரோனெரா. தரங்கிரே, மன்யாரா இரண்டையும் விட்டுவிடு. தரங்கிரேயின் யானைக்கூட்டத்துக்குப் பேர் போன காலம் வறட்சி மாதங்கள், பிப்ரவரி இல்லை.

கடைசிபெஞ்ச் · நவம்பர் 13

வெள்ளாறு அண்ணே சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ஆற்றைக் கடப்பதை இப்படி அலட்சியமாகத் தள்ளாதீர்கள். நான் இரண்டு வருஷம் முன்பு ஆகஸ்ட்டில் போனேன், மாரா ஆற்றோரம் கோகடெண்டே பக்கம். காலை எட்டு மணிக்குக் கரையில் வண்டியை நிறுத்தினோம். கூட்டம் வந்து கரையோரம் நின்றது, தண்ணீரை மோந்தது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது, திரும்பிப் போனது. இப்படி மூன்று தடவை. ஒரு மணிக்கு மேல் திடீரென்று ஒன்று குதித்தது, அவ்வளவுதான், மேட்டிலிருந்து மணல் சரிகிற மாதிரி எல்லாம் இறங்கின. இருபது நிமிஷம் இருக்கும். அந்தச் சத்தத்தை எந்த வீடியோவிலும் கேட்க முடியாது. முதலை ஒன்றை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தபோது என் பக்கத்தில் இருந்த ஆள் அழுதேவிட்டார்.

அதனால் ஆகஸ்ட்டில் லீவு கிடைக்கிறவர்கள் யோசித்துப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்கிறேன்.

வெள்ளாறு · நவம்பர் 13

கடைசிபெஞ்ச், நானும் அந்தக் கரையில் நின்றவன்தான். ஒரு கேள்வி கேட்கிறேன், உண்மையைச் சொல். எத்தனை வண்டி நின்றது?

கடைசிபெஞ்ச் · நவம்பர் 13

முப்பதுக்கு மேல்... சரி, நாற்பது. முதல் மிருகம் தண்ணீரில் இறங்கும்வரை வண்டிகள் தள்ளி நிற்க வேண்டும் என்பது வழக்கம். ஆனால் ஒரு வண்டி முந்தினால் எல்லாம் முந்துகின்றன. கூட்டம் இரண்டாம் தடவை திரும்பிப் போனது எங்களால்தான் என்று எங்கள் டிரைவரே சொன்னார். அது கொஞ்சம் உறுத்தியது, மறுக்கவில்லை.

வெள்ளாறு · நவம்பர் 13

அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த ஆற்றில் வருஷத்துக்குச் சராசரியாக 6,000க்கும் மேல் மூழ்கிச் சாகின்றன, முதலை பிடிப்பது அதில் சேர்த்தி இல்லை, நெரிசலில் சாவதுதான். அந்தப் பிணங்கள்தான் மீனுக்கும் பாறுக் கழுகுகளுக்கும் ஆற்றுக்கும் சாப்பாடு, அதுவும் அந்தக் காட்டின் நடைமுறைதான். ஆனால் ஏறும் கரையை வண்டி மறித்தால் அது காட்டின் நடைமுறை இல்லை. எனக்குக் காத்திருந்த ஐந்து மணி நேரம் பிடித்தது, கடைசி இருபது நிமிஷம் பிடிக்கவில்லை. இது என் குணம், எல்லோருக்கும் பொருந்தாது.

தேரிக்காடு · நவம்பர் 14

நான் போனதில்லை, போகிற அளவுக்குக் காசும் இல்லை, ஆனால் மரத்தைப் பற்றிப் பேசலாம் அல்லவா. செரங்கெட்டிப் படம் என்றாலே குடை விரித்த மாதிரி ஒரு மரம், பின்னால் சிவப்புச் சூரியன். அந்த மரத்தைப் பார்த்து யாராவது "ஆப்பிரிக்கா!" என்று வாயைப் பிளந்தால் எங்கள் பக்கத்து ஆடு மேய்க்கிறவர் சிரிப்பார். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் நிற்கிற உடைமரம், குடைவேல் என்றும் சொல்வோமே, அதற்குப் பங்காளிதான். வேலமரக் குடும்பம், அதே தட்டைக் குடை, அதே முள். இங்கே ஆடு எட்டாத உயரத்துக்கு வளரும், அங்கே ஒட்டகச்சிவிங்கி எட்டாத உயரத்துக்கு வளரப் பார்க்கும்.

வெள்ளாறு அண்ணாச்சி சொன்ன சாம்பல் தரையில் மரமே ஏன் இல்லை என்பதற்கும் காரணம் உண்டு. சாம்பலில் உள்ள சுண்ணாம்பு மழையில் கரைந்து கீழே இறங்கி, அடியில் கெட்டியான பாளமாக உறைந்துவிட்டது. புல்லின் வேருக்கு மேல் மண் போதும், மரத்தின் வேர் அந்தப் பாளத்தைத் துளைக்க முடியாது. செரோனெராவில் ஆற்றோரம் மரம் உண்டு. அங்கே சிவகுண்டல மரம் நிறைய, நம் ஊர்ப் பூங்காக்களில் சுரைக்காய் மாதிரி தொங்குமே அதே மரம், ஆப்பிரிக்காவிலிருந்துதான் இங்கே வந்தது. அதன் கிளையில்தான் சிறுத்தை படுத்திருக்குமாம்.

சோளக்கொல்லை · நவம்பர் 14

சிறுத்தை என்றால் எது? ஓடுகிறதே அதுவா, மரம் ஏறுகிறதே அதுவா? எல்லாச் செய்தியிலும் இரண்டையும் சிறுத்தை என்றுதான் எழுதுகிறார்கள்.

தேரிக்காடு · நவம்பர் 14

மரம் ஏறுவது சிறுத்தை. வேகமாக ஓடுவது சிவிங்கிப்புலி, கண்ணிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கும், மை கரைந்து அழுத மாதிரி. நம் நாட்டில் 1952இல் அழிந்துவிட்டதாக அறிவித்து, 2022இல் நமீபியாவிலிருந்து கூனோவுக்குக் கொண்டுவந்தார்களே, அது. பேர் நம்மிடம் இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்.

தாருஸ்ஸலாம்காரன் · நவம்பர் 15

மதகடி அண்ணே, நான் தாருஸ்ஸலாமில் கணக்கு வேலை பார்க்கிறேன், ஒன்பது வருஷம் ஆகிறது. காசு விஷயத்தை நான் சொல்கிறேன், ஏஜென்ட் இதைச் சொல்லமாட்டார்.

வெளிநாட்டவருக்கு செரங்கெட்டி நுழைவுக் கட்டணம் ஓர் ஆளுக்கு 24 மணி நேரத்துக்கு 70 டாலர், 18 சதவீத வரி சேர்த்தால் 82.60. நான் கடைசியாகப் பார்த்த கணக்கு இது, கிளம்பும் முன் ஒரு தடவை சரிபாருங்கள். ங்கோரோங்கோரோ வேறு நிர்வாகம், அதற்குத் தனிக் கட்டணம். பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 250 டாலரும் வரியும், நீங்கள் இரண்டு பேர்தான் என்றாலும் அதே 295தான். இப்போது சூட்சுமம்: ந்டூட்டு என்பது எல்லையில் இருக்கிறது, பெரும்பகுதி ங்கோரோங்கோரோ பக்கம். அங்கே தங்கிக்கொண்டு "அப்படியே செரங்கெட்டிக்குள் ஒரு ரவுண்டு" என்று போனால் அன்றைக்கு இரண்டு கட்டணமும் விழும். எந்த ராத்திரி எந்த நிர்வாகத்தின் கீழ் என்று முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் புதுச் சீட்டு, அதையும் மறக்காதீர்கள். ங்கோரோங்கோரோ பக்கம் இருக்கும்போது பாதையை விட்டு இறங்கிப் பார்க்க வழக்கமாக விடுவார்கள், செரங்கெட்டிக்குள் இறங்கக் கூடாது. அதனால் கன்று போடுவதைக் கிட்டத்தில் பார்க்க அந்தப் பக்கம்தான் நல்லது.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். இங்கே சப்பாத்திக்குப் பேரே சப்பாத்திதான், சமோசா சம்புசா, புலாவ் பிலாவ். பீன்ஸ் குழம்பு மஹராகே, தண்டுக்கீரை மச்சிச்சா, இரண்டும் எல்லா முகாமிலும் கிடைக்கும். மத்தியானம் மட்டும் பெட்டிச் சாப்பாடு கொடுப்பார்கள், அதில் கோழிக்கால் கட்டாயம் இருக்கும், முன்கூட்டியே "பிலா ந்யாமா" (இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள்.

பிளாஸ்டிக் பை கொண்டுவராதீர்கள், 2019 ஜூன் முதல் தடை. கறுப்பு, கருநீல உடுப்பு வேண்டாம், செட்சி ஈ அந்த நிறத்துக்குத்தான் பறந்து வரும், காட்டில் அதைப் பிடிக்கவே நீலமும் கறுப்புமாகத் துணி கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கடித்தால் ஊசி குத்திய மாதிரி இருக்கும், சட்டைக்கு மேலாகவே குத்தும்.

நேரம் கேட்கும்போது ஜாக்கிரதை. சுவாஹிலிக் கணக்கில் பொழுது விடிந்த பிறகுதான் ஒன்று ஆரம்பிக்கும், காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. "காலை பன்னிரண்டு" என்று டிரைவர் சொன்னால் ஆறு மணிக்குத் தயாராக நில்லுங்கள். நான் வந்த முதல் மாதம் ஒரு நேர்காணலுக்கு ஆறு மணி நேரம் தாமதமாகப் போனேன்.

இளவேனில் · நவம்பர் 15

மதகடி, உங்கள் அம்மாவின் வயதில் என் மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன், அதனால் சொல்கிறேன். ஆண்கள் யாரும் கழிப்பறையைப் பற்றிப் பேசவில்லை பாருங்கள். செரங்கெட்டிக்குள் நுழையும் நாபி மலை வாசலில் நல்ல கழிப்பறை உண்டு, செரோனெரா தகவல் மையத்தில் உண்டு, நடுவில் புதர்தான், அதுவும் டிரைவர் சுற்றிலும் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான். ந்டூட்டு புல்வெளியில் புதர்கூடக் கிடையாது, வண்டியின் பின்சக்கரம்தான் மறைவு. இதை அம்மாவிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். என் மாமியார் தண்ணீர் குடிக்காமலேயே இருந்து இரண்டாம் நாள் தலை சுற்றி விழுந்தார், எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, அவருக்குக் கேட்கக் கூச்சம்.

முட்டிக்கு: லேண்ட் குரூசரில் நடு வரிசை சீட் கேளுங்கள், பின் சீட்டில் குலுக்கல் தாங்காது. ஏறும் படி உயரம், சின்ன ஸ்டூல் ஒன்று வண்டியில் போடச் சொல்லுங்கள். திரும்பும்போது ரோடு வேண்டாம், செரோனெராவிலிருந்து அருஷாவுக்கு சின்ன விமானம் ஒரு மணி நேரம் சொச்சத்தில் வந்துவிடும். பை 15 கிலோதான், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏற்றமாட்டார்கள், துணிப்பை.

குளிர் உடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பூமத்திய ரேகைக்குக் கிட்டே என்று நினைத்து நாங்கள் பருத்திப் புடவையோடு போனோம். ங்கோரோங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரம், விடியற்காலையில் பல் கிட்டியது.

அப்புறம், தடுப்பூசி. நைரோபி, அடிஸ் அபாபா மாதிரி ஊர் வழியாகப் போகிறீர்கள் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை கையில் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஊர் திரும்பும்போது விமான நிலையத்திலேயே பிடித்துத் தனியாக வைத்துவிடலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஊசியில் கவனம் வேண்டும், அம்மாவின் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். மலேரியா மாத்திரையும் அவரையே கேளுங்கள்.

நடுநிசிநாய் · நவம்பர் 17

எல்லோரும் மிருகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் புல்வெளி காலி இடம் இல்லை. மாசாய் மக்கள் மாடு மேய்த்த இடம், செரங்கெட்டி என்ற பேரே அவர்கள் மொழிதான், முடிவில்லாமல் விரியும் நிலம் என்று அர்த்தம். 1951இல் பூங்கா, 1959இல் அவர்களை வெளியேற்றி ங்கோரோங்கோரோ பக்கம் அனுப்பி, அங்கே மாடுகளோடு வாழலாம் என்றார்கள். இப்போது அங்கிருந்தும் 600 கிலோமீட்டர் தள்ளி ம்சொமேரா என்ற இடத்துக்கு அனுப்புகிறார்கள். அரசாங்கம் விருப்பப்பட்டுத்தான் போகிறார்கள் என்கிறது, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியை நிறுத்திவிட்டால் விருப்பம் தானாக வரும் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். 2022 ஜூனில் செரங்கெட்டியை ஒட்டிய லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை மிருகங்களுக்கு என்று அளந்து கல் நட்டபோது கலவரமே நடந்தது. நாம் கொடுக்கும் 82 டாலர் எதற்குப் போகிறது என்றும் யோசிக்கலாம்.

வெள்ளாறு · நவம்பர் 17

சரியாகச் சொன்னீர்கள், எனக்கும் இதில் முழு நிம்மதி இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 1890களில் வந்த மாட்டு வெக்கை நோய் மாசாய் மாட்டையும் கொன்றது, வில்டபீஸ்ட்டையும் கொன்றது. பிறகு சுற்றியிருந்த ஊர் மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகுதான் காட்டு மிருகங்களிடமிருந்தும் அந்த நோய் போனது. 1960களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 70களின் கடைசியில் 13 லட்சமானது அதனால்தான். நாம் பார்க்கப் போகும் அத்தனை பெரிய கூட்டமும் மாட்டுக்குப் போட்ட ஊசியின் பலன். மாட்டையும் காட்டையும் வேலி போட்டுப் பிரித்துப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். போகாமல் இருப்பது பதில் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போவதும் சரியில்லை.

மதகடி · நவம்பர் 18

எல்லோருக்கும் நன்றி. தரங்கிரே, மன்யாரா நீக்கியாயிற்று. பள்ளத்துக்குள்ளும் இறங்கவில்லை, விளிம்பிலிருந்து பார்ப்பதோடு சரி, அந்த 295 டாலரில் திரும்பும் விமானச் சீட்டின் ஒரு பகுதி தேறும். அடிஸ் அபாபா வழியாகப் போகிறோம். இளவேனில் அக்கா, அம்மாவிடம் பின்சக்கர விஷயத்தைச் சொன்னேன், "நான் சின்ன வயதில் வயல் வரப்பில் வளர்ந்தவள்டா" என்று முடித்துவிட்டார்.

மதகடி · மார்ச் 3

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. சொல்லவில்லை என்றால் நன்றாக இருக்காது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

விளிம்பில் மூடுபனி, பத்தடி தெரியவில்லை, பள்ளமாவது ஒன்றாவது. அரை மணி நேரம் நின்றோம், ஒரு நிமிஷம் விலகி அடியில் வெள்ளையாக ஏரி தெரிந்தது, மூடிக்கொண்டது. மேற்கே இறங்கியதும் வேறு உலகம், வெயில், புழுதி, பச்சைப் புல். ந்டூட்டு பக்கம் போனபோது தரையெல்லாம் கறுப்பு கறுப்பாகப் புள்ளி, நடவுக்கு முன்பு வயல் முழுக்க நாற்றுமுடி வீசிப் போட்டிருப்பார்களே அப்படி. கிட்டே போனால் அத்தனையும் உயிர். சத்தம் என்னவென்றால், ஐப்பசி மழைக்குப் பிறகு குளத்தில் தவளை கத்துமே, அதேதான், ஆனால் பகலில், நாலு பக்கமும்.

இரண்டாம் நாள் காலை டிரைவர் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். ஒரு தாய் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது, பின்னால் இரண்டு குளம்பு வெளியே தெரிந்தது. கன்று விழுந்த நொடியில் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தது, விழுந்தது, எழுந்தது, மூஞ்சி குப்புற விழுந்தது. ஆறாவது நிமிஷம் நின்றுவிட்டது, பத்தாவது நிமிஷம் தாயின் பின்னால் ஓடுகிறது. நம் வீட்டுக் கன்றுக்கு இதற்கு ஒரு மணி நேரம் ஆகும் என்றார் அம்மா.

அதே நாள் மத்தியானம் ஒரு குட்டிக் கன்று எங்கள் வண்டியின் பின்னால் ஓடிவந்தது. தாயைத் தொலைத்த கன்று அசைகிற எதன் பின்னாலும் போகுமாம், வண்டி பின்னால் போகும், சிங்கத்தின் பின்னால்கூடப் போகுமாம். அம்மா அதை வண்டியில் ஏற்றிக் கூட்டத்தில் விடச் சொன்னார். டிரைவர் முடியாது என்றார், சட்டமும் விடாது, வேறு தாய் சேர்த்துக்கொள்ளவும் செய்யாது. நாங்கள் விலகிப் போனோம். கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்தபோது ஒரு கழுதைப்புலி வந்துகொண்டிருந்தது, அவசரமே இல்லாமல். மிச்சத்தை நான் பார்க்கவில்லை, அம்மா பார்த்தார், பைனாகுலர் அவரிடம்தான் இருந்தது.

அன்று ராத்திரி வரை டிரைவரிடம் அம்மா பேசவில்லை. சாப்பாடும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் விடியற்காலையில் வண்டியில் ஏறியதும் அவராகவே கேட்டார், அந்தக் கழுதைப்புலிக்குக் குட்டி எத்தனை இருக்கும் என்று. பெரும்பாலும் இரண்டு என்றார் அவர். அப்புறம் அவர் பேசிக்கொண்டே வந்தார்: கழுதைப்புலி பிணம் தின்னும் பிராணி என்றுதான் வெகுகாலம் நினைத்தார்களாம், 1960களில் ஹான்ஸ் குரூக் என்ற ஆராய்ச்சியாளர் ராத்திரியில் பின்தொடர்ந்து பார்த்த பிறகுதான், அது தானே வேட்டையாடிப் பிழைக்கிறது, பல சமயம் சிங்கம்தான் அதனிடமிருந்து பிடுங்குகிறது என்று தெரிந்ததாம். கூட்டத்துக்குத் தலைமை பெண்தான், ஆணைவிடப் பெரிது. அம்மா நான் மொழிபெயர்ப்பதற்காகக் காத்திருந்து காத்திருந்து கேட்டார். அதற்குப் பிறகு கழுதைப்புலியைக் கண்டால் நிறுத்தச் சொன்னார், சிங்கத்துக்குக்கூட அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

ந்டூட்டுவில் ஒரு மழை, கறுப்புச் சேற்றில் வண்டி ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டது. வண்டியில் மண்வெட்டி இல்லை, இழுக்கும் கயிறு இற்றுப்போயிருந்தது. இதற்காக ஏஜென்ட்டோடு சண்டை போட்டேன். கிளம்பும் முன் மண்வெட்டி, கயிறு, இரண்டு ஸ்டெப்னி, ரேடியோ எல்லாம் கண்ணால் பாருங்கள்.

செரோனெராவில் சிவகுண்டல மரத்தில் சிறுத்தை, தேரிக்காடு சொன்னபடியே. அடியில் 22 வண்டி, எண்ணினேன். அம்மா ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். கொஞ்சம் தள்ளி ரோட்டில் சாண வண்டு ஒன்று உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு மேடு ஏற முடியாமல் திரும்பத் திரும்ப உருண்டு விழுந்துகொண்டிருந்தது, அங்கே முக்கால் மணி நேரம்.

ராத்திரி கூடாரம், வேலி கிடையாது. கழுதைப்புலி "வூஉஉப்" என்று கீழே ஆரம்பித்து மேலே முடிக்கும். விடியற்காலையில் சிங்கம், காதில் கேட்பதற்கு முன்பே கட்டில் சட்டத்தில் தெரிகிற மாதிரி இருந்தது. வெளியே போக டார்ச் காட்டி அஸ்காரி என்ற காவலரைக் கூப்பிட வேண்டும். அம்மா இரண்டு தடவை கூப்பிட்டார், அவருக்கு ஒரு பயமும் இல்லை, எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

கடைசிபெஞ்ச் · மார்ச் 3

ஆகஸ்ட்டை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு நிமிஷக் கன்றைப் பார்த்திருக்கலாம் என்று இருக்கிறது.

சோளக்கொல்லை · மார்ச் 4

பைனாகுலர் என்ன அளவு? டிரைவருக்கு டிப்ஸ் டாலரிலா, ஷில்லிங்கிலா?

மதகடி · மார்ச் 4

8x42. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள், நான் ஒன்றோடு போய் ஐந்து நாளும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். டிப்ஸ் ஷில்லிங்காகவே கொடுத்தேன், அதுதான் அவர்களுக்கு வசதி. டாலர் எடுத்துப் போனால் புது நோட்டாகப் பாருங்கள், 2006க்கு முந்தைய நோட்டை யாரும் வாங்கமாட்டார்கள், என்னிடம் இரண்டு அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அம்மா மீதி இருந்த இட்லிப் பொடியை முகாம் சமையல்காரரிடம் கொடுத்தார், அவர் உகாலிக்கு (மக்காச்சோளக் களி) தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு இது எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்டார்.